அக்கா வைத்த பத்தியம்

துறைமுகத்தில் எனக்கு மூட்டை எண்ணும் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் ஷெட்டுக்குள் போகும்போது நான் வாசலில் நின்று தாளில் ஒரு கோடு போடுவேன். நான்கு கோடுகள் நின்றபடி, ஐந்தாவது குறுக்கே. அப்புறம் அடுத்த ஐந்து. டாலி கிளார்க் என்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒருவன் நாள் முழுவதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து உறவினர்கள் சிரித்ததுண்டு. சிரித்தவர்கள் ஆறு பேர். அவர்களில் நான்கு பேர் பிற்பாடு தங்கள் பிள்ளைகளுக்கு அதே வேலை கேட்டு என்னிடம் வந்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வெள்ளைக்காரன் போய் ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. அரிசிக்கு இன்னும் ரேஷன் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தோம். அப்பா அம்மா இருவரும் போய்விட்டதால் ராயபுரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் கணவர், என் மாமா, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர்.

நோய் எப்படி ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் தாளை ஆபீசில் கொடுத்துவிட்டு கேட் வரைக்கும் வந்தேன். கடைசி மூட்டைக்குக் கோடு போட்டோமா என்று ஒரு சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்த்தேன். போட்டிருந்தேன். மறுநாள் இரண்டு முறை திரும்பிப் போனேன். ஒரு மாதத்தில் அது ஐந்து முறை ஆயிற்று. பிறகு அது மூட்டையோடு நிற்கவில்லை. கேட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை அடி என்று எண்ணினேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது. ஒன்று கூடக் குறைய வந்தால் நடுத்தெருவில் நின்று வியர்த்தேன். தட்டில் சோறு வைத்தால் கவளத்தை எண்ணினேன். ஒன்பதுக்கு மேல் இறங்கவில்லை. மார்பு படபடத்தது. காரணமே இல்லாமல் கண்ணில் நீர் வந்தது. கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகும் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டேன். காவல்காரர்தான் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

ஆபீசில் நல்ல மனிதர்கள். முப்பது நாள் லீவு கொடுத்தார்கள். முப்பதாம் நாள் துறைமுக டாக்டரிடம் போய் நிற்க வேண்டும். அவர் சரி என்றால் வேலை. இல்லை என்றால் என் இடத்தில் வேறொருவர். டாலி கிளார்க் வேலைக்கு முன்பே பதினொரு பேர் மனுப் போட்டிருந்தது எனக்கே தெரியும். அந்த மனுக்களை எண்ணி அடுக்கிக் கொடுத்தவனும் நான்தான்.

மாமாதான் டாக்டரைக் கண்டுபிடித்தார். அவருடன் வேலை செய்த ஒருவருக்கு இதே மாதிரி வந்து குணமாகியிருந்தது. அந்த டாக்டர் பகலில் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பார். சாயங்காலம் வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டு முன்னறையில் உட்காருவார். தெற்கத்திக்காரர், கிறிஸ்தவர், நல்ல பருமன். அவர் உட்கார்ந்தால் நாற்காலி ஒரு முறை முனகிவிட்டுத்தான் அடங்கும்.

அக்காவை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அரைமணி நேரம் கேட்டார். எடை பார்த்தார்: நூற்று நான்கு பவுண்டு.

“இது கிறுக்கு இல்ல வே. உடம்புக்குக் காய்ச்சல் வாரது மாதிரி மனசுக்கும் வரும். பயப்படாதீரும்” என்றார்.

ஒரு பாட்டில் மிக்சர், ஒரு பொட்டலம் வெள்ளை மாத்திரை கொடுத்தார். பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு வேளை அளவு காட்டும் காகிதம் ஒட்டியிருந்தது. காலையில் கடற்கரையில் நடக்கச் சொன்னார். பிறகு சொன்னார்:

“நல்லாச் சாப்பிடணும். மீனு, முட்டை, கீரை, பருப்பு, எல்லாம். பட்டினி கிடக்கவன் உடம்புல என் மருந்து ஓடாது.”

அவர் இதைச் சொல்லும்போது நான் அலமாரியில் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு. ஆனாலும் அவர் சொன்னது காதில் நன்றாக விழுந்தது. விழவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய்.

வெளியே வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: “பத்தியம் இன்னா சொன்னாரு?”

“ஒன்றும் சொல்லவில்லை.”

அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த கைவண்டிக்காரர் கத்தினார். அவள் நகரவில்லை.

“ஒண்ணியும் சொல்லலியா? பத்தியம் இல்லாத மருந்து இன்னா மருந்துடா? பாட்டில்ல தண்ணிய ஊத்திக் குடுத்துட்டாரா?”

“பெரிய படிப்புப் படித்தவர் அக்கா.”

“படிச்சா? நைனாவுக்கு மஞ்சக்காமால வந்தப்போ நாப்பது நாளு உப்பில்லாம துன்னாரு. அப்பத்தான் மருந்து புடிச்சிது. வைத்தியரு மறந்துட்டாருன்னா நாம மறந்துட முடியுமா?”

அப்படியாக டாக்டர் மறந்ததை அக்கா நிரப்பினாள். வீடு வந்து சேர்வதற்குள் ஏழு பொருள்கள் ஆகாதவையாகிவிட்டன. மீன், முட்டை, கத்திரிக்காய், பூசணி, வேர்க்கடலை, மாம்பழம், புளி. டாக்டர் சாப்பிடச் சொன்னதில் முதல் இரண்டும் அதில் இருந்தன. நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அப்போது சாப்பிடுவதே பாரமாக இருந்தது. சாப்பிடாதே என்று ஒருவர் கட்டளை போட்டால் அது எவ்வளவு நிம்மதி என்பது அந்த நிலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தவிர, ஆகாதவற்றை எண்ணுவதும் ஒரு எண்ணிக்கைதானே. ஒரு நோட்டு வாங்கி வரிசை எண் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் தெருவில் மருந்து சாப்பிடுகிறவன் வீட்டுக்குள் வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆளுக்கு ஒரு விலக்கைக் கொண்டுவருவார்கள். அக்கா எனக்கு ‘நரம்பு வீக்கு’ என்று தெருவுக்குச் சொல்லியிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் வந்து, “நரம்பு வீக்குக்குக் கீர ஆவவே ஆவாது. குளிர்ச்சி” என்றாள். எட்டு. அவள் கணவர் பின்னாலேயே வந்து வாழைப்பழம் சளி என்றார். ஒன்பது. பால் கபம். தயிர் மந்தம். துவரம்பருப்பு வாயு என்று எண்ணூரிலிருந்து மாமாவின் தாயார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வெல்லம் சூடு என்று ஒருவர் சொன்னார். வெல்லம் குளிர்ச்சி என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு காரணத்துக்காகவும் சேர்த்து வெல்லம் போயிற்று. அதை நான் ஒன்றாகத்தான் எண்ணினேன்.

பதினான்காம் நாள் நோட்டில் முப்பத்தொன்று இருந்தது. மிச்சம் இருந்தது ரேஷன் பச்சரிசிக் கஞ்சி, மிளகு ரசம், சுண்டைக்காய் வற்றல். அந்த அரிசியையும் அக்கா தண்ணீர் தெளியும் வரை ஏழு முறை கழுவுவாள். பத்தியத்துக்குச் சுத்தம் முக்கியம்.

உண்மையில் அதிகம் கஷ்டப்பட்டவர் மாமா. மீன் வாசனை பட்டாலே பத்தியம் முறியும் என்று வீட்டில் மீன் வாங்குவதே நின்றுபோயிற்று.

“ஏம்மே, நோவு அவனுக்கா எனக்கா?” என்று ஒரு நாள் தட்டின் முன் உட்கார்ந்து கேட்டார்.

“அவனுக்குத்தான்.”

“அப்போ எனக்கு எதுக்கு சுண்டக்கா?”

“தோ பாரு, கூடப் பொறந்தவன் அவன். நீ ஒரு மாசம் மீனு துன்னாங்காட்டி செத்தா பூடுவ?”

அதற்குப் பிறகு மாமா வேலை முடிந்து முக்கால்மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தார். ஓவர்டைம் என்றார். மூன்றாம் நாள் அக்கா அவர் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள்.

“ஃபாக்டரில இன்னா, வஞ்சிரத்தையா ராவுறீங்கோ?”

மாமா சட்டையைத் தாமே துவைத்துப் போட்டார். அவர் துவைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

காசிமேட்டிலிருந்து தினமும் பத்து மணிக்குக் கூடையோடு வரும் மீன்காரம்மாவுக்கும் கோபம். “இன்னாமே, ரெண்டு வாரமா உன் வூட்டாண்ட கூடைய எறக்கல? எதுனா வேண்டுதலா?”

“தம்பிக்குப் பத்தியம்க்கா.”

“மீனு துன்னாம இன்னா மருந்து புடிக்கும்? கடல்ல கீற சுறாவுக்கு எதுனா நரம்பு வீக்கு வந்து பாத்துக்கிறியா?”

அக்கா கதவைச் சாத்தினாள்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிக்க முடியவில்லை. வாயின் இரண்டு ஓரமும் வெடித்துப் புண்ணாகிவிட்டது. நாக்கு சிவந்து, ரசம் பட்டால் எரிந்தது. உள்ளங்கால் தணலில் வைத்தது போல் காந்தியது. கடற்கரைக்கு நடக்க முடியவில்லை. அழுகை முன்பு நாளைக்கு ஒரு தடவை வந்தது, இப்போது மூன்று தடவை. பாதி லீவு போய்விட்டது. நான் நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். அக்கா பத்தியம் போதவில்லை என்று நினைத்தாள்.

பதினைந்தாம் நாள் டாக்டரிடம் போனோம். எடைக்கருவியில் ஏறினேன். தொண்ணூற்றேழு.

“என்ன வே இது? மருந்து தின்னா ஆளு தேறணும். நீரு தேயுதீரு” என்றார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மருந்தக் கூட்டிப் பாக்கலாம். இல்லேன்னா ஆஸ்பத்திரியில ஒரு மாசம் படுத்துக்கிடும். எனக்கு வேற வழி தெரியல.”

ஒரு மாதம் படுத்தால் வேலை போயிற்று. அதை அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். வாய் ஓரத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலை அழுத்தினார். நான் துள்ளினேன்.

“என்ன சாப்பிடுதீரு?”

நோட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் சத்தமாகப் படித்தார். “ஒண்ணு, மீன். ரெண்டு, முட்டை. மூணு, கத்திரிக்கா...” பத்து வரைக்கும் இதெல்லாம் நான் சாப்பிடுகிற பண்டங்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே படித்தார். பிறகு பக்கத்தின் தலைப்பைப் பார்த்தார். ‘ஆகாதவை’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். முப்பத்தொன்றையும் படித்து முடித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி என்னென்னவோ சத்தம் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெளிய இருக்க தாயைக் கூப்பிடும்” என்றார்.

அக்கா வந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

“தாயி, இந்த நோட்டுல ஒண்ண விட்டுட்டிய.”

“இன்னாது டாக்டரய்யா?”

“காத்து. அத மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கிய?”

அக்காவின் முகம் சிவந்தது. “எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் மருந்துன்னா பத்தியம் கீது. நீங்க ஒண்ணியும் சொல்லல. நான் வச்சேன். பதினஞ்சு நாளா நானும் அவனோட ஏழு தண்ணி கழுவுன அரிசிக் கஞ்சிதான் குடிச்சிக்கினு கீறேன். சிரிக்கிறதுக்கா?” என்றாள்.

அவளும் கஞ்சிதான் குடித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் எண்ணியவன் இதை எண்ணவில்லை.

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். பேனாவைக் கீழே வைத்தார்.

“தப்பு என் பேருல தாயி” என்றார். “இந்த மருந்துக்குப் பத்தியம் உண்டு. நான்தான் சொல்லல. ரொம்பக் கடுமையான பத்தியம். அதான் யோசிச்சேன். உங்களால முடியுமா?”

“இன்னா டாக்டரய்யா, இப்டி கேட்டுட்டீங்கோ?”

“ஒரு நாள், ஒரு வேளை தப்பக் கூடாது.”

“தப்பாது.”

அவர் ஒரு தாளை எடுத்து எழுதி ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் கேழ்வரகுக் கூழ், மோர் விட்டு. பதினோரு மணிக்கு ஒரு கை வறுத்த வேர்க்கடலை. மதியம் புழுங்கல் அரிசிச் சோறு, அதிகம் கழுவாமல், கஞ்சியை வடிக்காமல். கூடவே கீரை, முள்ளோடு மென்று தின்னக்கூடிய சிறு மீன். நாலு மணிக்கு அவித்த முட்டை இரண்டு. ராத்திரிக்குப் பருப்பு. ஏதாவது ஒரு பழம், கொய்யாவானாலும் சரி. ஆக ஆறு. இது தவிர வாய்ப்புண்ணுக்கு ஈஸ்ட் மாத்திரை என்று பழுப்பு நிறத்தில் ஒன்று கொடுத்தார். அதன் கசப்பு இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது.

“ஏற்கெனவே சாப்பிடாம கிடந்தவரு. கழுவின தண்ணியில அரிசியோட சத்தும் போச்சு. நாக்கு சொல்லுது, காலு சொல்லுது. இதுல மனசு மட்டும் எப்படி நிமிந்து நிக்கும்?” என்று என்னிடம் சொன்னார். “ஆனா ஒண்ணு, சோறு மட்டும் போதும்னு மருந்த விட்டுராதீரும். ஒரு கை தட்டினா ஓசை வராது.”

வெளியே வந்து இருநூறு அடி நடந்தோம். பிறகு அக்கா சொன்னாள்: “கெட்டிக்காரருடா அந்த ஆளு.”

“ஏன்?”

“பத்தியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. துன்றதப் போயி பத்தியம்ன்றாரு. எனக்கா தெரியாது?”

“தெரிந்துதான் தலையாட்டினாயா?”

“பின்ன? மீன வறுத்துப் போட்டா எதிர்வூட்டுக்காரி இன்னா கேப்பா? மருந்து துன்ற புள்ளைக்கு மீனப் போட்டுக் கொல்றியான்னுவா. நான் இன்னா பதிலு சொல்றது? இப்போ பதிலு கீது. டாக்டரு எழுதிக் குடுத்த பத்தியம். தோ, காயிதம்.”

அந்தக் காகிதத்தை அவள் வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வருகிறவர்களுக்குத் தெரியும் அல்லவா.

மறுநாள் பத்து மணிக்கு மீன்காரம்மாவின் கூடை எங்கள் வாசலில் இறங்கியது. டாக்டர் மீன் எழுதிக் கொடுத்தார் என்று கேட்டதும் அவள் நெத்திலியை அள்ளிப் போட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, “நான் சொன்னேன், டாக்டரு எழுதிக்கினாரு” என்றாள். அன்றிலிருந்து என் வைத்தியத்தில் பாதி தன்னுடையது என்பது அவள் எண்ணம். சாகும்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

விலக்குக் கொண்டுவந்த அதே தெரு இப்போது பண்டத்தைக் கொண்டுவந்தது. பத்தியம் என்றால் கூட்டித்தான் பழக்கம், குறைத்துப் பழக்கமில்லை. கீரை ஆகாது என்ற எதிர்வீட்டு அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்து, அடையாகவே சுட்டுக் கொண்டுவந்தாள். அவள் கணவர் தாம் விலக்கிய வாழைப்பழத்தை ஒரு சீப்பாகக் கொடுத்தார். மூட்டை தூக்கும் கூலிகள் இருவர் நண்டு கொண்டுவந்து கொடுத்து, “கணக்கரே, சீக்கிரம் வா. புதுசா வந்தவன் எண்றதுக்குள்ள கப்பலே போயிடுது” என்றார்கள். ஆறு என்று தொடங்கியது ஐந்தே நாளில் பத்தொன்பதாகிவிட்டது. பாதியை மாமா சாப்பிட்டார். நோயாளியை உற்சாகப்படுத்தக் கூட உட்கார வேண்டும் என்று தாமாகவே ஒரு விதி கண்டுபிடித்திருந்தார்.

ஆனால் எனக்கு உடனே பசி வந்துவிடவில்லை. இதை ஒளிக்க விரும்பவில்லை. அக்கா எதிரில் நின்று பார்ப்பாள், நான் விழுங்குவேன். நாலு மணி முட்டைதான் பெரும்பாடு. லீவின் இருபதாம் நாள் அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு முட்டையை ஜன்னல் வழியாகச் சந்தில் போட்டேன். இரண்டாவதையும் போட்டேன். அவை இரண்டும் எதிர்வீட்டு அம்மாள் உலர்த்தியிருந்த மிளகாய்மேல் விழுந்தன. அவள் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் மருந்துப் பாட்டிலையும் பொட்டலத்தையும் எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

“என்ன அக்கா செய்கிறாய்?”

“பத்தியம் முறிஞ்சிடுச்சி. முறிஞ்ச ஒடம்புல மருந்து விஷம்.”

“பத்தியமே இல்லை என்று நீதானே சொன்னாய்?”

“அன்னிக்கி சொன்னேன். இன்னிக்கி பயமா கீதுடா” என்றாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் இரண்டு வேளை மருந்து தவறியது. மார்பு மறுபடி பழையபடி அடிக்க ஆரம்பித்தது. விட்டத்தின் கட்டைகளை எண்ணினேன், பதினேழு, திரும்பத் திரும்பப் பதினேழு. இன்னும் பத்து நாள்தான் இருந்தது. காலையில் மாமா வேலைக்குப் போகாமல் என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு, டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

டாக்டர் கேட்டுவிட்டு இந்த முறை சிரிக்கவில்லை. “தாயி, பத்தியத்துல இன்னொண்ணு இருக்கு. அதுதான் தலையானது” என்றார். “என்ன முறிஞ்சாலும் மருந்த நிறுத்தக் கூடாது. முட்டை தப்பினா அடுத்த வேளை குடுங்க. மருந்து தப்பினாதான் பத்தியம் முறிஞ்சதா அர்த்தம். என்னக் கேக்காம ஒரு வேளையும் நிறுத்தாதிய.” பிறகு என்னைப் பார்த்தார். “நீரும் முட்டைய எறிய வேண்டாம். முடியலேன்னா முடியலன்னு வாயத் திறந்து சொல்லும். இந்த வீட்டுல எல்லாரும் பேசுதாங்க, நீரு மட்டும் நோட்டுல எழுதுதீரு.”

அது எனக்கு உறைத்தது. அன்று நாலு மணிக்கு, “ஒன்று போதும் அக்கா, இன்னொன்று இறங்காது” என்று வாயால் சொன்னேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு மற்றதை மாமாவுக்குக் கொடுத்தாள். அவ்வளவுதான். இதற்கா பயந்தேன் என்று இருந்தது.

இருபத்து நான்காம் நாள் மத்தியானம் அக்கா சுறாப்புட்டு செய்திருந்தாள். சுறாவை அவித்து உதிர்த்துப் பூண்டும் வெங்காயமும் போட்டு வதக்கியது. மாமா தொழிற்சாலையில் புதிதாக வந்த ஃபோர்மன் மெஷினுக்குப் பதிலாகத் தம் வேட்டியில் எண்ணெய் விட்டுக்கொண்ட கதையைச் சொன்னார். நான் சிரித்தேன். கையைக் கழுவும்போதுதான் தெரிந்தது: எத்தனை கவளம் சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. நின்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அந்த எண்ணிக்கை இன்றுவரை என்னிடம் இல்லை. என் வாழ்க்கையில் தவறவிட்டதற்காக நான் வருத்தப்படாத எண்ணிக்கை அது ஒன்றுதான்.

வாய்ப்புண் ஆறியது. கால் எரிச்சல் குறைந்து கடற்கரை வரை நடந்தேன். தூக்கம் வந்தது. படபடப்பு அடியோடு போகவில்லை, ஆனால் வந்தால் போகும் என்று தெரிந்தது. இருபத்தொன்பதாம் நாள் டாக்டரின் எடைக்கருவியில் நூற்று இரண்டரை. மாமாவும் ஆசைக்கு ஏறிப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் தொழிற்சாலையில் பார்த்த எடையைவிட ஒன்பது பவுண்டு கூடியிருந்தது. “நோவு மச்சானுக்கு, பத்தியம் புடிச்சிக்கினது எனக்கு” என்றார்.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் துறைமுக டாக்டர் முன் நின்றேன். அக்கா கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள். துறைமுக டாக்டர் கைகளை நீட்டச் சொன்னார். விரல்மேல் ஒரு தாளை வைத்து நடுங்குகிறதா என்று பார்த்தார். லேசாக நடுங்கியது. என் டாக்டர் கொடுத்த கடிதத்தைப் படித்தார்.

“இன்னும் எண்ணுகிறீரா?” என்று கேட்டார்.

“எண்ணுவதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறீர்கள்” என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதல் மாதம் அரை நாள் வேலை, மருந்தைத் தொடர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

கேட்டுக்கு ஓடினேன். அங்கே அக்கா காவல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றடுக்குத் தூக்கை உள்ளே அனுப்ப வேண்டும் என்பது அவள் கட்சி.

“உள்ள இன்னா கீது?” என்று காவல்காரர் கேட்டார்.

“மருந்துப் பத்தியம். கீழ சோறு, நடுவுல கீர, மேல நெத்திலி வறுவலு.”

காவல்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இந்த நோவு எங்க கெடைக்கும்மா? எனக்கும் ஒண்ணு வேணும்” என்றார்.

“வேலை கொடுத்துவிட்டார்கள் அக்கா” என்றேன். அக்கா தூக்கை அவர் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே அழுதாள். காவல்காரர் அதன்பின் ஒன்றும் கேட்காமல் தூக்கை உள்ளே எடுத்துவந்தார். ஒரு நெத்திலி குறைந்திருந்தது என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஷெட் வாசலில் நின்றேன். கோதுமை மூட்டை இறங்கியது. கூலிகள் என்னைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டார்கள். ஐந்து மணி வரை எண்ணி, தாளைக் கூட்டி, கையெழுத்திட்டு ஆபீசில் கொடுத்தேன். கேட்டுக்கு வரும் வழியில் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தேன். இரண்டே முறை. திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.